பேர் வெட்டணுமா, வேண்டாமா?

ஆடி முடிந்து ஆவணியின் முதல் முகூர்த்தம் நெருங்கினால் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை, மாமனார் வைத்தது. கொள்முதலை வீட்டுக்காரர் பார்க்கிறார், கல்லாவில் நான். கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்யாமலே உள்ளே வருகிறவர்கள்தான் அதிகம். "ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள ஏதாவது காட்டுங்கக்கா, பார்க்கப் பெருசா இருக்கணும்" என்பார்கள். காட்டுவோம். எடை போட்டுப் பில் எழுதும்போது நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "பேர் வெட்டணுமா?"

முன்பெல்லாம் இதைக் கேட்கவே வேண்டியிருக்காது. சட்டைப் பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து அவர்களே நீட்டிவிடுவார்கள். மணமக்கள் பெயர், கல்யாணத் தேதி, கீழே 'அன்பளிப்பு' என்று போட்டுத் தன் பெயர், தன் ஊர். இப்போது பெரும்பாலும் "வேணாங்க்கா, அப்படியே பேக் பண்ணிடுங்க" என்பதுதான் பதில். ஏன் என்றால், பழைய ஸ்டைலாக இருக்கிறதாம். உண்மைக் காரணம் வேறு. பேர் வெட்டிவிட்டால் வாங்கிக்கொண்டவர்கள் அதை அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு அந்த வசதியைக் கெடுக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம்! மஞ்சக்குப்பத்தில் ஒரு வரவேற்பில் பார்த்த சிவப்பு மூடி ஹாட்பாக்ஸ் செட்டை அப்புறம் நெல்லிக்குப்பத்தில் ஒரு வளைகாப்பிலும் பார்த்தேன். எங்கள் கடை ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு அப்படியே இருந்தது.

பேர் வெட்டுவது இப்போது மெஷின் வேலை. பேனாவைப் போலப் பிடித்துக்கொண்டால் முனையிலிருக்கும் ஊசி படபடவென்று அதிர்ந்து சில்வரில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகும். சத்தம் காதைக் குடையும். மாமனார் காலத்தில் சிற்றுளியும் சின்னச் சுத்தியலும்தான். தவலையை மடியில் சாய்த்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, ஒரு கோடுகூடப் பென்சிலால் போடாமல் நேராக வெட்டிக்கொண்டு போவார். பழைய பித்தளையை எடைக்குப் போட வருகிறவர்கள் கொண்டுவரும் குடங்களில் அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டிருக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு பாடப்புத்தகத்திலிருந்து அந்தத் தும்பிக்கை போய்விட்டது. மாமனாரின் உளிக்கு அரசாணை வந்து சேரவில்லை. கடைசிவரை தும்பிக்கைதான்.

அன்றைக்குப் பேர் வெட்டியது பெருமைக்காக மட்டும் இல்லை. சமையல் பாத்திரம் வாடகைக்குக் கிடைக்காத நாளில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் தெருவிலுள்ள அண்டா, தவலை, கரண்டி, தாம்பாளம் எல்லாம் அங்கே போய்விடும். பந்தி முடிந்து, கழுவிக் கவிழ்த்த பிறகு எது யாருடையது என்று பிரிக்க வேண்டுமே. பேர் இல்லாத பாத்திரம் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகும். அப்படிப் பிரிக்கிற நேரத்தில்தான் "இது உன் சின்ன மாமா குடுத்ததா?" என்று யாராவது படித்துப் பார்ப்பார்கள். கொடுத்தவரின் பெயர் தெரு முழுக்கத் தெரிந்ததும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பதை எனக்குச் சொன்னவர் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு டீச்சரம்மா. தமிழ் எடுத்தவர், ஓய்வு பெற்றுவிட்டார். இட்லிக் கொப்பரை பார்க்க வந்தவர் அகநானூற்றுக்குப் போய்விட்டார். அதில் 86ஆம் பாட்டு ஒரு கல்யாணத்தை அப்படியே காட்டுகிறது. உளுந்து போட்டுக் குழைய வேகவைத்த பொங்கல் ஒரு பக்கம் பந்தியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொட்டிப் பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலை. இருள் விலகுகிற விடியற்காலை. வயதான பெண்கள் தலையில் குடமும் கையில் மண்டை என்கிற புத்தம்புது அகன்ற பாத்திரமுமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார்கள், வரிசையாக எடுத்துக் கொடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் பூவும் நெல்லும் போட்ட தண்ணீரைப் பெண்ணின் தலையில் ஊற்றி, கட்டியவன் விரும்பும்படி வாழ் என்று வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான் கல்யாணம். அந்தப் பாட்டில் ஐயர் இல்லை, அக்கினி இல்லை, தாலியும் இல்லை.

"ஆனா குடம் இருக்கு பாத்தியா" என்றார் டீச்சரம்மா. எனக்கு அன்றைக்கு வியாபாரம் நடந்ததைவிடச் சந்தோஷம்.

பெருமாள் கோயில் கல்யாணங்களில் ஆண்டாளின் 'வாரணமாயிரம்' சொல்லுவார்கள். அதிலும் முதல் பாட்டிலேயே பூரண பொற்குடம் வைத்துத் தோரணம் கட்டுகிறார்கள். காப்பு நாண் கட்டுவது, கைத்தலம் பற்றுவது, தீ வலம் வருவது, அம்மி மிதிப்பது, பொரி போடுவது எல்லாம் வரிசையாக வருகிறது. தாலி கட்டுவதாக மட்டும் ஆண்டாள் கனாக் காணவில்லை. நாம் எதை அசைக்க முடியாதது என்று நினைக்கிறோமோ அது ஒரு காலத்தில் இல்லாமலும் கல்யாணம் நடந்திருக்கிறது. இதை நான் எங்கள் அத்தையிடம் சொன்னபோது "அதுக்காக நீ கழட்டி வச்சிடாத" என்றார்.

எங்கள் ஊரில் கல்யாணம் என்றாலே திருவந்திபுரம்தான். தேவநாதசாமி கோயில், எதிரே ஔஷதகிரி மலையில் ஹயக்ரீவர், பக்கத்தில் கெடிலம். பெரிய முகூர்த்த நாளில் ஒரே காலையில் நூறு ஜோடிக்கு மேல் அங்கே மாலை மாற்றுகிறார்கள். யார் பெண், யார் மாப்பிள்ளை என்று தேடிக் கண்டுபிடித்து அட்சதை போட வேண்டும். தப்பான ஜோடிக்கு அட்சதை போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அந்த நெரிசலிலும் சிலர் அருந்ததி பார்க்கச் சொல்லி வானத்தைக் காட்டுவதுண்டு. என் மகன் கைபேசிச் செயலியை வைத்துக்கொண்டு சொன்னான்: சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கு ஒட்டினாற்போல இருக்கிற அந்த நட்சத்திரம் ஆவணி விடியற்காலையில் நம் ஊர் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்குமாம். தை மாத முகூர்த்தம் என்றால் வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். ஆவணி ஜோடிகள் எல்லோரும் இல்லாத நட்சத்திரத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஆவணிதான்.

சடங்கே வேண்டாம் என்கிறவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்ததிலிருந்து மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் மாற்றிக்கொண்டாலோ அதுவும் செல்லும் கல்யாணம்தான். அந்த வீட்டுக்காரர்கள் வந்தால் "குத்துவிளக்கு வேணாம்மா, தவலை குடுங்க" என்பார்கள். எனக்கென்ன, இரண்டும் எடைதான்.

சரி, கொடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சீர் வேறு, மொய் வேறு, 'கிஃப்ட்' வேறு. இதில் மொய்தான் நேர்மையானது என்பது என் கட்சி. மண்டப வாசலில் மேஜை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டில் ஊரையும் பேரையும் எழுதி வாங்குவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அது வட்டியில்லாத கடன். கல்யாணச் செலவில் குடும்பம் மூழ்காமல் தூக்கி நிறுத்தியது அதுதான். மாமனாரின் மொய் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அவர் கல்யாணத்து வரவில் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்களுக்கு நடுவே "சம்படம் 1", "தேங்காய் 10", "அரிசி 1 மரக்கால்" என்றெல்லாம் இருக்கிறது. பணம் இல்லாதவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்; அதையும் மதித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த மேஜையில் நோட்டுக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு நிற்கிறது. உறை, ஒட்டிய ஒரு ரூபாய் எதுவும் வேண்டாம், 501 என்று அடித்தால் போதும். நோட்டில் எழுதத்தான் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. திருப்பிச் செய்யும்போது போனைத் தேடிக்கொண்டிருக்க முடியாதே.

அரசாங்கமே மொய் வைத்த மாநிலம் இது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டத்தில் 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராம் ஆனது. 2022இல் அதைப் புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். நடுவில் 2011க்குப் பிறகு வீடு வீடாக மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இலவசமாக வந்ததில் எங்கள் கடையில் சீர் மிக்ஸி அலமாரியையே எடுத்துவிட்டோம். வருத்தம் இல்லை. அந்த இடத்தில் ஈயச்சொம்பு வைத்தோம், அது நன்றாகப் போகிறது.

பாண்டிச்சேரி வாடிக்கையாளர்கள் வேறு ரகம். 1962இல் பிரான்சோடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகள் அங்கே இருப்பார்கள், கல்யாணத்துக்கு இங்கே வருவார்கள். அவர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட்டில். ஜூலை பாதியில் ஆடி வந்துவிடுகிறது. ஆகவே ஆவணி பிறந்த உடனே வரும் முகூர்த்தத்தில் மண்டபத்துக்குப் போட்டி. பிரான்சில் சட்டப்படி செல்வது மேயர் ஆபீசில் நடக்கும் கல்யாணம் மட்டும்தான். சர்ச்சோ கோயிலோ அதற்குப் பிறகு. விருந்தாளிக்குச் சர்க்கரை பூசிய பாதாம் ஐந்தைச் சின்னப் பையில் போட்டுக் கொடுப்பார்கள்: ஆரோக்கியம், செல்வம், சந்தோஷம், பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் கணக்கு. நம் தாம்பூலப் பைக்கு ஒன்றுவிட்ட தங்கை.

அப்படி வந்த ஒரு பெண் எங்கள் கடையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வேண்டிய சாமான் பட்டியல். சொந்தக்காரர்கள் வந்து அதில் ஒன்றை எடுத்துப் பணம் கட்டினால் நாங்கள் அதை அடித்துவிட வேண்டும். பிரான்சில் இது சாதாரண வழக்கம். எங்கள் அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "கேட்டு வாங்குறதா? கல்யாணப் பொண்ணு வாயால?" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றுக்கு மூன்றாக சுவர்க் கடிகாரம் வரவில்லை. அவள் கேட்டதெல்லாம் சின்னச் சாமான்: அஞ்சறைப்பெட்டி, முறுக்குக் குழல், இரும்பு தோசைக்கல், பால் சொம்பு. பெட்டிக்கு 23 கிலோதானே விமானத்தில். விருத்தாசலத்து அத்தை ஒருவர் மட்டும் பட்டியலைப் பார்க்க மறுத்து இரண்டடிக் குத்துவிளக்கு வாங்கினார். அது இப்போது பாண்டிச்சேரியில் அவர் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. வெளிநாடு போகிற ஜோடிக்கு அழகுச்சாமான்தான் கொடுப்பேன் என்பவர்களை நானே பாண்டிச்சேரி பக்கம் திருக்கனூருக்கு அனுப்பிவிடுவேன். அங்கே செய்யும் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, எடையும் இல்லை. வில்லியனூர் சுடுமண் சிற்பம் இன்னும் அழகு, ஆனால் விமானத்தில் உடையாமல் போய்ச் சேர்ந்தால் அது பெருமாள் புண்ணியம்.

உள்ளூர் ஜோடிக்கு வாங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றி. சென்னை ஓ.எம்.ஆரிலோ பெங்களூரிலோ வாடகை வீடு, இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் பித்தளையும் அலுமினியமும் அதில் சூடேறாது. கல்லாவில் ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். பாத்திரத்தின் அடியில் ஒட்டினால்தான் அந்த அடுப்புக்கு ஆகும். இதை வைத்துக்கொண்டு "காந்தம் ஒட்டினா மட்டம், ஒட்டாட்டி நல்ல சில்வர்" என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நிக்கல் அதிகமுள்ள 304 ரகத்திலும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 202இலும் ஒட்டாது. வித்தியாசம் வீட்டுக்குப் போன பிறகு தெரியும். உப்பும் புளியும் போட்டு வைத்தால் மலிவு ரகத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் கடல் காற்றுக்கு இன்னும் சீக்கிரம். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மெல்லிசான அண்டா வாங்குவதைவிட அதே காசுக்குக் கனமான ஒரு சின்ன வாணலி வாங்குங்கள். ஜோடிகள் இரண்டே பேர். அவர்களுக்கு எதற்கு அண்டா?

என்னைக் கேட்டால் ஈயச்சொம்பு. ரசத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. வெள்ளீயத்தில் செய்தது, கையால் தட்டியது, ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும். ஆனால் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: தண்ணீரையோ புளிக்கரைசலையோ ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது பர்னரில் வெள்ளிக் குட்டைதான் இருக்கும். காரீயம் கலந்த போலியும் சந்தையில் உண்டு, அது விஷம். தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

இனி பேர் விஷயம். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் பாய் ஒருவர் மகள் நிக்காஹுக்குச் சாமான் எடுக்க வந்தபோது பேச்சு மஹர் பக்கம் போனது. அது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, பதிவேட்டில் தொகையை எழுதிவிடுகிறார்கள், அவளுக்கே சொந்தம். எழுதி வைத்துவிட்டால் பின்னால் பேச்சு இல்லை என்றார். நம் பக்கமும் எழுதத்தான் சொல்கிறது சட்டம். 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, கல்யாணத்தில் வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும்: என்ன பொருள், சுமார் என்ன மதிப்பு, யார் கொடுத்தது, உறவு என்றால் என்ன உறவு, மணமக்கள் இருவரின் கையெழுத்து. அதே 1985இல் பிரதிபா ராணி வழக்கில், சீராக வந்தது பெண்ணுக்கே சொந்தம், அவள் புகுந்த வீட்டில் இருப்பதால் மட்டும் அது அவர்களுடையதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த மண்டபத்திலும் அந்தப் பட்டியலை எழுதி நான் பார்த்ததில்லை. வீடியோ எடுக்கிறோம், அதில் பரிசைவிடப் பரிசு கொடுக்கிறவரின் சட்டைதான் நன்றாகத் தெரிகிறது.

ஒரு நாள் காலை ஒரு பெண் ஆட்டோவில் பாத்திரங்களோடு வந்தாள். சரிப்பட்டு வரவில்லை, பிரிந்து வந்துவிட்டாள். சாமான்களை எடுக்கப் போனபோது புகுந்த வீட்டில் எதைத் தொட்டாலும் "இது எங்களுது" என்றார்களாம். குடத்தைத் திருப்பினால் அவள் பேர், தாம்பாளத்தைத் திருப்பினால் அவள் பேர். அவள் அப்பா பிடிவாதமாகக் கரண்டி வரை வெட்டியிருக்கிறார், எங்கள் கடையில்தான். கூட வந்த பெரியவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் எடுத்து வைத்தார்களாம். பேர் இல்லாத கிரைண்டர் அங்கேயே நின்றுவிட்டது. இதையெல்லாம் எடைக்குப் போடப் போகிறாளோ என்று நினைத்தேன். அதற்கு வரவில்லை. தனி வீடு பார்த்திருக்கிறாள். ஒரு குக்கர் வாங்க வந்தாள். "அதுலயும் பேர் வெட்டிடுங்கக்கா" என்றாள். குக்கர் மூடியில் வெட்டினால் நிற்காது என்று கைப்பிடிக்குக் கீழே வெட்டிக் கொடுத்தோம்.

அதிலிருந்து நான் கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். "யார் பேரை வெட்டணும்?" கொடுக்கிறவர் பேர் வேண்டாம், மொய் நோட்டு அதற்குத்தான் இருக்கிறது. மணமக்கள் இருவர் பேரும் இதயப் படத்துக்குள் வேண்டும் என்றால் வெட்டித் தருகிறோம், காசு வாங்கிக்கொண்டு. ஆனால் அவள் வீட்டிலிருந்து போகிற சீரில் அவள் பேர் மட்டும் இருக்கட்டும். பில்லையும் அவள் பேரிலேயே போட்டு வாங்கி அவளிடமே கொடுங்கள். இதைச் சொன்னால் "முதல் நாளே அபசகுனமாப் பேசுறியேம்மா" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும், அடுத்த தெருவிலும் பாத்திரக்கடை இருக்கிறது.

இன்னொன்று. எழுத்தைச் சரிபார்த்துத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்; ழ, ள தகராறெல்லாம் சில்வரில் விழுந்த பிறகு அழிக்க முடியாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து ஐம்பது தட்டிலும் பேர் வேண்டும் என்று நிற்காதீர்கள். மெஷின் ஒன்றுதான் இருக்கிறது, வெட்டுகிற தம்பிக்கும் அன்றைக்கு எங்கேயாவது ஒரு கல்யாணம் இருக்கும்.